மான் மேல் போட்ட பழி

செங்கம்மா செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் இன்னும் அவளைப் பைத்தியக்காரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்போல் இருக்கும் எனக்கு. அவர்களில் முதல் ஆள் என்னைப் பெற்ற அப்பா, வேதாச்சலம்.

சத்தியவேடு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அறுபதில் எல்லை பிரித்தபோது எங்களை ஆந்திராவில் சேர்த்தார்கள். நிலம் அப்படியே இருந்தது; காகிதமெல்லாம் தெலுங்காகிவிட்டது. அடுத்த வருஷமே வேர்க்கடலையைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்தது. பூச்சி தின்றால் வரித் தள்ளுபடி கிடையாது, காட்டு மிருகம் மேய்ந்தால் உண்டு என்றார் கர்ணம். எங்கள் ஆட்கள் விடுவார்களா? முப்பத்தொன்பது பேர், மான் மேய்ந்துவிட்டது என்று கைநாட்டு வைத்தார்கள். மான் வந்து இல்லையென்றா சொல்லப் போகிறது என்று அப்பா சிரித்தார். செங்கம்மாவும் வைத்தாள். புருஷன் இல்லாதவள், ஒரு காணியில் ஒண்டியாகப் பாடுபட்டவள்.

நாலு மாதம் கழித்துச் சாவடிச் சுவரில் ஒரு தெலுங்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து சுந்தர்ராஜ் வாத்தியார் படித்துச் சொன்னார். அதுவரை இருந்த விதிப்படி மான் குட்டி போடும் மாதங்களில் வேட்டை கூடாது. அது தண்ணீர் குடிக்கும் இடத்தில் எப்போதுமே சுடக் கூடாது. புது விதி இரண்டு தடையையும் எடுத்துவிடும். காரணம், மான்கள் பயிரை அழிக்கின்றனவாம். அத்தாட்சி, எங்கள் ஊரின் முப்பத்தொன்பது கைநாட்டு. ஆட்சேபணை உள்ளவர்கள் சித்தூரில் விசாரணைக்கு வரலாம்.

துப்பாக்கி லைசென்சு வைத்திருந்த பெரிய மனுஷர்களுக்கு எங்கள் பொய் நல்ல சாக்காகக் கிடைத்தது.

கோடையில் எங்கள் மலையில் தண்ணீர் நிற்பது ஒரே ஒரு மடுவில். மான் குடித்துவிட்டுப் போகும்வரை எங்கள் பெண்கள் தள்ளியே நிற்பார்கள், குடத்தை நனைக்க மாட்டார்கள். செங்கம்மா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள்.

"அண்ணே, மடுவாண்ட நின்னு சுட்டா ஒண்ணுகூட மிஞ்சாது. வந்து நெசத்தச் சொல்லிடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"நெசத்தச் சொன்னா தள்ளுபடி பூடும். பொய் சொன்னேன்னு கேஸும் போடுவான். உனக்கின்னா பைத்தியமா?" என்று கதவைச் சாத்தினார் அப்பா.

தனியாகவே போனாள். திருப்பதி வரை பஸ், அங்கிருந்து ரயில். நடுவழியில் பாகாலாவில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பயந்ததாகப் பிறகு வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறாள். இறங்கவில்லை.

இந்தக் கைநாட்டு உன்னுடையதுதானா என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார்.

"என்னுதுதான் சாமி. மானு துன்னல, பூச்சி துன்னுச்சு. பொய் சொல்லிட்டேன். எல்லாருமே பொய்தான் சொன்னோம்."

மற்றவர்களைப் பற்றி நீ எப்படிச் சொல்லலாம் என்றார் அதிகாரி. அவள் பெயரை மட்டும் சிவப்பு மையில் அடித்தார். மீதி முப்பத்தெட்டும் செல்லுமாம். செய்த தப்பை ஒப்புக்கொள்ளப் போனவளுக்குத் தள்ளுபடி ரத்து. வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தவர்கள் யோக்கியர்கள்.

விதி வந்தது. சித்திரையில் ஜீப்பும் வந்தது. விடிந்ததும் மடுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பத்து மணிக்கு ஜீப் எங்கள் தெருவில் நின்றது. வேட்டைக்கு வந்தவர்களுக்கு மோர் வேண்டுமாம். முன்பக்கம் ஒரு பெட்டைமானைக் கட்டியிருந்தார்கள். வயிறு சினையில் உப்பியிருந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பா சொம்பு நிறைய மோர் எடுத்துக்கொண்டு ஓடினார்.

செங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் மானின் முகத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுண்ணே. உன் கடலையத் துன்ன மானு இதானா?"

சொம்பு சாய்ந்து மோரெல்லாம் தரையில் கொட்டியது.

இப்போது அவருக்கு எண்பது வயது. அவளைப் பைத்தியக்காரி என்று சொல்ல மட்டும் வாய் வருகிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.