காப்போடு பாலம் தாண்டியது

"ஏட்டி" என்று கூப்பிட்டால் என் வீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி என் நாய். எனக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் இல்லை. குற்றாலத்தில் என் லாட்ஜுக்கு நானே பெயர் வைத்து, அதைத் தென்காசி ஸ்டாண்டு ஆட்டோக்காரர் அத்தனை பேருக்கும் மனப்பாடமாக்கியவன். இவளுக்குத்தான் எந்தப் பெயரும் பொருந்தவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன், சாரல் விடாமல் பெய்த ஒரு மத்தியானம், ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் நனைந்து கிடந்தாள். செவலை நிறம், கை அகலம்தான் இருப்பாள். "ஏட்டி, இங்கன வா" என்றேன். வந்தாள். அதுவே பெயராகிவிட்டது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று, வந்தவர் போனவர் முதுகையெல்லாம் தேய்த்துவிட்ட கை இது. இந்தக் கைதான் மூன்று மாடி கட்டியது. கூடப் பிறந்தவன் ஒருத்தனும் ஒரு செங்கல் எடுத்துத் தரவில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பதினாறு வருடமாக நான்தான் கொடைக் கமிட்டித் தலைவர். எனக்கு முன்னால் கொடைத் திருவிழா என்றால் அடிதடி. நான் வந்த பிறகு ஒரு வெடி நேரம் தப்பி வெடித்ததில்லை. பயம் என்றால் என்ன என்று கேட்கிற ஆள் நான் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தின ஆவணி வரைக்கும் சொன்னேன்.

என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனுடைய பையனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. பேரனை நாங்கள் போனில்தான் பார்த்திருந்தோம். எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டுவிட்டான், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வியாழக்கிழமை. நான் லாட்ஜில் வந்து தங்குகிறவர்களிடம்கூட அதைச் சொல்லியாயிற்று. புதுச் சட்டை தைத்தாயிற்று.

புறப்பட எட்டு நாள் இருக்கையில் என் நாய் ஏட்டி சாப்பாட்டை நிறுத்தினாள். கறிச்சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாளி வைத்தால் ஒரு வாளி. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து இரண்டு ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் நான் லாட்ஜுக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். கேட்டைத் திறக்கிற சத்தத்துக்கு அவள் வால் தரையில் தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டு கேட்டிலேயே நிற்பேன். தட்டும்வரை உள்ளே போகக் கால் வராது.

மகனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாய்க்கு முடியவில்லை, நான் வரவில்லை என்று நாலு வார்த்தை. வாய் வரவில்லை. பேரனைப் பார்க்க வராமல் நாய்க்குக் காவல் இருக்கிறான் கிழவன் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்கள். அவர்கள் முன்னால் நான் எப்படி இருந்தவன். அதனால் போனில் இப்படிச் சொன்னேன்: "இந்தத் தடவ அக்கினிச் சட்டி நான் எடுக்கேம்லே. செவ்வாக்கெழம காப்புக் கட்டுதேன். கொடை முடியுமட்டும் எல்லை தாண்டக் கூடாது."

 சாமி விஷயத்தில் நான் என்ன சொல்ல என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். "ஆத்தா பேரச் சொல்லியா பொய் சொல்லுதிய?"

"கட்டிட்டா எப்படிப் பொய்யாவும்?"

"அப்பம் நீங்க கட்டிக்கிட்டுக் கெடங்க. நான் போறேன்."

மதுரையைத் தாண்டித் தனியாகப் போகாதவள் அவள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தபோதுதான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைப் பூசாரி என் வலது மணிக்கட்டில் கட்டினார். பொய்யை உண்மையாக்கியாயிற்று என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. லாட்ஜுக்கு அடுத்த டீக்கடை பாய் கயிற்றைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு பிளேன்னா பயம். அதான் மைனிய முன்னால அனுப்பி நோட்டம் பாக்குதாரு" என்று கடையில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்தார். நான் மறுத்துப் பேசவில்லை. பிளேனுக்குப் பயந்தவன் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை கார் வாசலில் நிற்கும்போது மனைவி நாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையில் கை வைத்து, தான் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று அதட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். கார் செங்கோட்டை ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை வால் தட்டவில்லை. வயிறு உப்பியிருந்தது. பின்பக்கம் ஏதோ கசிந்து, வாடை அடித்தது. டாக்டரம்மா வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஏட்டி என் கையைக் கடிக்கிற மாதிரி வாயில் வைத்தாள், கடிக்கவில்லை.

"கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கு. இன்னைக்கே திருநெல்வேலி கொண்டு போயி ஆபரேஷன் பண்ணணும்."

நாளைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன்.

"நாளைக்குன்னா கொண்டு போகவே வேண்டாம்."

டிரைவரோடு அனுப்பலாமா என்று யோசித்தேன். அவர் கிட்டே வந்தாலே உறுமுவாள். அங்கே வளர்த்தவர் கையெழுத்தும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் மணிக்கட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஊசியைப் பைக்குள் வைத்தார்.

காப்போடு எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். காப்போடு செங்கோட்டைக்கு வேலைக்குப் போன ஒரு கொத்தன் அந்த வாரமே சாரத்திலிருந்து விழுந்தான். சாரக்கயிறு இற்றுப்போயிருந்தது என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருடமும் கொடைக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கினேன். இன்னொன்றும் சொல்லுவேன்: கட்டினவன் தப்பித்தாலும், அவன் வீட்டில் எது சின்ன உயிரோ அதற்கு ஆகும் என்று. என் வாயால் நான் சொன்னதுதான். அன்றைக்கு அது என் முன்னால் வந்து நின்றது. என் வீட்டில் சின்ன உயிர் மஸ்கட்டில் இருந்தது.

கோயிலுக்குப் போனேன். பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, காப்பை அவிழ்த்துவிட முடியுமா, இல்லை ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு அந்தத் தேங்கா வெட்டுதவன் இதே இடத்துல நின்னுல்லா கேட்டான். நீங்கதான முடியாதுன்னிய."

மறந்த விஷயம் இல்லை. நினைக்காமல் வைத்திருந்த விஷயம். அதற்கு நாலு வருடத்துக்கு முன், என் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவன் சட்டி எடுப்பதாக நேர்ந்து காப்புக் கட்டியிருந்தான். மூன்றாம் நாள் அவன் அம்மாவைத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் அண்ணாச்சி என்று என்னிடம் வந்து கேட்டான். எல்லை தாண்டினால் ஊருக்கே கேடு, ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று திருப்பி அனுப்பினேன். அவன் இருந்தான். சட்டி எடுத்தான். நான் மைக்கைப் பிடித்து, இவன் அல்லவா பக்தன் என்று சொல்லிச் சால்வை போர்த்தினேன். கொடை முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் போனான். விடிகாலையிலேயே அம்மா போய்விட்டாளாம்.

பூசாரி விளக்கைக் கீழே வைத்தார். "போங்கன்னும் சொல்ல மாட்டேன். போவாதியன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்தேன். அவள் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை. பழைய போர்வையில் சுற்றித் தூக்கினேன். இரண்டு சிமெண்ட் மூடையைத் தூக்கி நடந்தவன் நான். இவளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். காரின் பின் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன். திருவனந்தபுரம் போய் வந்த களைப்பு தீராத டிரைவர் கண்ணாடியில் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வலது கையைப் போர்வைக்குள் விட்டு மறைத்தேன்.

எங்களுக்கு எல்லை ஆற்றுப் பாலம்; என் லாட்ஜ் அதற்கு உள்பக்கம்தான். பாலத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். மேலே மலையில் மழை பெய்து ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். முப்பது எட்டு வைத்தால் பாலத்தைத் தாண்டிவிடலாம். திரும்பிப் போனால் இவள் சாயங்காலத்துக்குள் போய்விடுவாள், அது நிச்சயம். தாண்டினால் என்ன நடக்கும் என்று தெரியாது. தெரியாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அவள் மூக்கை என் வயிற்றில் வைத்து மூச்சு விட்டாள். சூடாக இருந்தது. போங்கள் என்றேன்.

பாலம் தாண்டியதும் ஏதாவது நடக்கும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாவூர்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலங்குளம் பக்கம் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் எப்போதும் போல் இருந்தது, அதனாலேயே எனக்கு வியர்த்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆடு, கன்றுக்குட்டி, கூண்டோடு ஒரு கோழி எல்லாம் வரிசையில் இருந்தன. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். என் மகன் வயதில் ஒரு டாக்டர் வந்து, வயதாகிவிட்டது, மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று சொல்ல முடியாது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். பேனாவை வாங்கினேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. மனைவி.

பிள்ளைக்குக் காலையிலிருந்து காய்ச்சலாம். அனலாகக் கொதிக்கிறதாம், பால் குடிக்கவில்லையாம். மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்களாம். அவள் பேசிக்கொண்டே போனாள்.  வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கேக்குதியளா? எங்கன இருக்கிய?"

லாட்ஜில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. "திருநெல்வேலில. ஏட்டிக்கு வயித்த அறுக்கணுங்காவ."

 காப்போடா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அப்படியே எழுந்து காருக்குப் போயிருப்பேன். இப்போது திரும்பினால் இருட்டுவதற்குள் பாலத்துக்கு ஊர்ப்பக்கம் போய்விடலாம், ஆத்தா காலில் விழலாம், பேரனுக்குச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"தாண்டுனது தாண்டியாச்சு. அவளயும் விட்டுட்டு வந்து நிக்காதிய" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் பெரிதாக, கட்டம் தாண்டித்தான் இருக்கும். அன்றைக்கு எறும்பு மாதிரி இருந்தது.

மூன்று மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். போனைக் கையில் வைத்திருந்தேன், அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு. அடிக்காமல் இருந்தபோது ஏன் அடிக்கவில்லை என்று பயந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை. யாருக்காக வேண்டுவது என்றும் தெரியவில்லை. பேரனுக்காக வேண்ட ஆரம்பித்தால் நடுவில் நாய் வந்துவிட்டது. நாயை விட்டுவிட்டு வேண்டினால், விட்டதாக எழுதிக்கொள்வாளோ ஆத்தா என்று பயமாக இருந்தது. கடைசியில் வேண்டுவதையே நிறுத்திவிட்டேன்.

கதவைத் திறந்து டாக்டர் ஒரு தட்டில் எடுத்ததைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். போர்வைக்கு வெளியே நாக்கு தொங்கக் கிடந்தாள். சாயங்காலம் மகன் போன் செய்தான். தொண்டையில் புண்ணாம், மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். இப்போது என்ன செய்கிறான், இப்போது என்ன செய்கிறான் என்று நாலு தடவை கேட்டேன். அப்பா, விளையாடுகிறான் என்று அவன் சலித்துக்கொண்டான்.

மறுநாள் அவளைக் கொண்டுவந்தேன். கமிட்டியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சட்டி எடுக்க எனக்குத் தகுதியில்லை என்று வேறு ஆளிடம் கொடுத்தேன். கொடையன்று பந்தலின் கடைசியில் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கொடை முடிந்து நடந்த கூட்டத்தில் நானே எழுந்து, இனிமேல் நோய் நொடி என்றால் காப்போடு போய் வரலாம் என்று வைத்துக்கொள்வோம் என்றேன். அண்ணாச்சி சொன்னால் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். தேங்காய் வெட்டுகிறவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.  அந்த வாரத்திலிருந்து என் தோப்புக்கு வருவதில்லை.

இவள் நன்றாக இருக்கிறாள். இட்லி தின்கிறாள். மஸ்கட்டிலிருந்து மகன் திரும்ப டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறான், இந்தத் தடவை போகத்தான் வேண்டும். காலையில் கயிற்றில் பிடித்து இவளை நடத்திக்கொண்டு போகிறேன். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு அந்தத் தேங்காய் வெட்டுகிறவனுடையது. போய், வாடே என்று கூப்பிட்டால் வந்துவிடுவான் என்றுதான் மனைவி சொல்லுகிறாள். இவள் அந்தத் தெருப் பக்கம் திரும்புகிறபோதெல்லாம் நான் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.