குளவி கொட்டியபின் பதினேழு நாள்

உயர்ந்த கட்டடங்களின் புறச்சுவருக்குக் கயிற்றில் தொங்கியபடி வண்ணம் பூசுவது அவர் தொழில். சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பாங்கு கண்டு உடன் உழைப்போர் அவரைப் ‘பல்லி’ என்றனர். கோபம் வந்தால் மனைவியும் அப்படியே அழைப்பாள். கயிற்றில் ஏறும் நாளில் தண்ணீர் பருகாமை அத்தொழிலாளர் வழக்கம். பருகினால் இடைவானில் ஒதுங்க இடமேது? இருபது ஆண்டுப் பழக்கம், விடுமுறை நாளிலும் அவரை விடவில்லை.

ஒன்பதாம் மாடிச் சன்னலின் மேற்பலகை அடியில் இருந்த குளவிக்கூட்டை அவர் தூரிகை தீண்டிற்று. கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்? தரை தொடுமுன் எழுபது இடங்களில் கொட்டிவிட்டன. அருகிலிருந்த மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். தங்கச் சொன்னதையும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னதையும் காதில் வாங்காமல் வீடு திரும்பினார். மறுநாள் சிறுநீர் கறுந்தேநீர் போல இறங்கியது. உடற்சூடு என்றெண்ணி மனைவியிடம் மறைத்தார். அதற்கடுத்த நாள் மறைப்பதற்கும் ஒன்றும் இல்லாமற் போயிற்று.

முகம் உப்பி மூச்சு வாங்கியவரை அவள்தான் பெரிய மருத்துவமனையில் சேர்த்தாள். நஞ்சு தசைகளைச் சிதைத்து, அச்சிதைவு சிறுநீரகங்களை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். அவை மீளலாம்; மீளாமலும் போகலாம். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரம் அவர் குருதியைத் தூய்மை செய்யும்.

பள்ளிச் சீருடை தைக்கும் அவள், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளைக் கட்டிலருகே கொண்டுவந்துவிட்டாள். நாள்தோறும் செவிலி வந்து சிறுநீர் வந்ததா என்று கேட்பதும், இவள் இல்லையென்று தலையசைப்பதுமாகப் பத்து நாள்கள் கழிந்தன. அவருக்கோ நோயினும் நாணமே பெரிதாயிருந்தது.

“நீ கொஞ்சம் வெளியில நில்லேன். இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி வரும்?”

“ஊரே பாக்க அந்தரத்துல தொங்குன ஆளு நீங்க. என்னைப் பாத்துத்தான் வெக்கமா?”

அவர் சிரித்தார். சிரித்ததில் உடம்பெல்லாம் வலித்தது. பிறகு கேட்டார்:

“வரவே இல்லேன்னா?”

“வரலேன்னா மிஷின் இருக்கு, நான் இருக்கேன். பேசாம தூங்குங்க.”

குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் ஊசியில் நூல் தீர்ந்தது அறியாமல் அவள் துணியில் மும்முறை குத்தி எடுத்ததை, கண் மூடியவர்போல் கிடந்த அவர் கண்டார். அவள் கையைப் பற்றித் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

பதினேழாம் நாள் காலை, திரைக்குப் பின்னிருந்து அவளை மெல்ல அழைத்தார். முந்நூறு மில்லி. நிறமும் தெளிந்திருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனையும் தேறியிருப்பதால் அன்றைக்கு இயந்திரம் வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றார்.

இறைவனை நினைந்தாளோ, அழுதாளோ, அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. அளவுக் குவளையைச் சுடர் ஏந்துவாள்போல் இரு கையாலும் பிடித்திருந்தாள். குறித்துக்கொண்ட செவிலி, கொட்டிவிடலாம் என்று கை நீட்டினாள்.

“ஒரு நிமிஷம் சிஸ்டர்” என்றாள் அவள். “இன்னொரு தடவ பாத்துக்கிறேன்.”