எண்ணெய்க்கு அடியில் ஒரு புத்தர்

பழைய கல்லைத் தேடி அலைகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். என்னிடம் அது மருந்துக்கும் கிடையாது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதப் பண்டிதன் நான். பாலி மொழியையும் பௌத்தத்தையும் பத்து வருஷமாக நானாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் படித்து ஆறுதல் அடையட்டும்.

காப்பி ஆறியது

கொல்லிமலை மிளகு விற்க வந்த வியாபாரி ஒருவர், மலைமேலுள்ள வாழவந்தி நாட்டில் ஒரு சாமி சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மலையில் பௌத்தர்கள் இருந்தார்கள் என்று நான் எழுத எழுத, ஆதாரம் எங்கே என்று சென்னை ஆராய்ச்சிப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்த காலம். குடையையும் மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையையும் தேடிக்கொண்டிருந்த என்னை என் மனைவி வழிமறித்தாள். "ஆயிரம் வருஷமா உட்கார்ந்திருக்கிறவர் இப்போ எழுந்தா போயிடுவார்? காப்பியைக் குடிச்சிட்டுப் போங்க."

எண்ணெய் சாத்தினேன்

சேந்தமங்கலத்திலிருந்து நடந்தே ஏறினேன். சாமிக்குக் கழுத்துவரை துணி சுற்றியிருந்தது. தை நோம்பி என்கிற திருவிழா அன்றுதான் அதை அவிழ்ப்பார்களாம். அதற்கு இன்னும் மூன்று மாதம். நான் தவித்துப் போனேன். சமணர் சிலையும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும், ஆனால் உடம்பில் ஆடை இருக்காது. புத்தர் என்றால் இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஆடையின் விளிம்பைக் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள்.

வேண்டுதல்காரர்கள் துணிக்குள் கைவிட்டுத் தாங்களே எண்ணெய் சாத்துவது அங்கே வழக்கம். நானும் சட்டென்று வேண்டுதல்காரன் ஆனேன். இடது தோளில் விரல் பட்டதும் ஒரு மேடு; அது மார்பின் குறுக்கே இறங்கியது. புத்தரேதான்! மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தேன். பூசாரி சடையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சாமி, எல்லாரும் கண்ணை மூடிக் கும்புடுவாங்க. நீங்க என்னமோ சந்தையில மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கறாப்ல பாக்கறீங்களே?"

ஒரே சுலோகம்

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கட்டுரை எழுதிச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். "சிலையைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று ஆசிரியர் கேட்டார். "கையால் பார்த்தேன்" என்று பதில் போட்டேன். நோம்பிக்கு மறுவாரம் அச்சேறும் என்று எழுதினார். சிரித்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போவார்கள் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கமும் இல்லை, பாடத்தில் புத்தியும் இல்லை. தலைமையாசிரியர் ஒரு நாள் வகுப்புக்கே வந்துவிட்டார். "பண்டிதரே, மூணு நாளா ஒரே சுலோகம் நடக்குது. பையன்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, எனக்கும் ஆயிடுச்சு."

அரப்புக் குளியல்

தை நோம்பியன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். சடையன் துணியை அவிழ்த்தார். தோளிலிருந்து குறுக்கே கறுப்பாக அந்த விளிம்பு! கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மூங்கில் சிம்பை எடுத்து அதன்மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். விளிம்பு பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. தோளிலிருந்து குறுக்கே சுற்றியிருந்த துணியின் ஓரத்தில் எண்ணெய் தேங்கி இறுகிய மேடு அது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அரப்புத்தூள் போட்டுக் கழுவியதும் மழமழவென்று வெறும் மார்பு. ஒரு மடிப்பும் இல்லை. சமணர் சிலைதான். "சுரண்டாதீங்க!" என்று என்னை அறியாமல் அழுகுரலில் கத்தியிருக்கிறேன். சடையன் பதறிப்போய்ச் சொன்னார்: "அது போன நோம்பிக்கப்புறம் சேந்த அழுக்குங்க சாமி. அதுக்குப் போய் அழுவறீங்களே?"

நான்கு பக்கம்

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சென்னையிலிருந்து ஒருவரும் ஏறி வரப்போவதில்லை. பாதி மலை இறங்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாளைக்கு எவனாவது என்னை நம்பி, என் கட்டுரையைக் காட்டி ஒரு புத்தகமே எழுதுவானே என்று தோன்றியது. மீதி மலையை ஓட்டமாக இறங்கி, தபாலாபீஸ் மூடுவதற்குள் தந்தி கொடுத்தேன்: சிலை சமணருடையது, கட்டுரையை நிறுத்தவும். பாராட்டி நாலு வரி வரும் என்று எதிர்பார்த்தேன். ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டுதான் வந்தது: "அச்சுக் கோத்த நாலு பக்கத்தைப் பிரித்தாகிவிட்டது. அந்த இடத்தை அடைக்க வேறு ஏதாவது இருக்கிறதா, இந்தத் தடவை கண்ணால் பார்த்ததாக?"

தந்தி விஷயம் சென்னை முழுக்கப் பரவிவிட்டது. பத்து வருஷ ஆராய்ச்சியில் நான் சொல்லி, சென்னைப் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம், நான் சொன்னது தப்பு என்பதுதான்.