அடுப்படி ஜன்னல்

இந்த வெயிலிலேயே, ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அடுப்படிச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்துவிட வேண்டும் என்று நின்றாள் இருதயம்மா. ஐம்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் புகை குடித்தது போதாதா, சொந்த வீட்டுக்கு வந்தும் இருமுவதா? ஆனால் பழக்கம் விடவில்லை. லயத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க வேண்டும். அதனால் கடிதம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனாள்.

கிளாக்கர் இரகுநாதன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“வீட்டு உறுதிப் பத்திரம் உங்கட பேரில இருக்கம்மா. உங்கட சுவரை உடைக்க எங்களிட்ட ஏன் கேக்கிறீங்க?”

மேடு ஏறும் வழியெல்லாம் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுத்தியலோடு காத்திருந்த புருஷன் அற்புதராஜ் கேட்டார்: “துரை சரின்னாரா?”

“நான் சரின்னுட்டேன். உடைங்க.”