விரற்கடை நேரம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில், சிப் வடிவமைக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். இரண்டு மின்துடிப்புகளுக்கு நடுவே உள்ள, அளக்கவே முடியாத நேர இடைவெளியை இருபது மடங்கு நீட்டிக் காட்டும் சிப் எங்களுடையது. கடுகளவுதான் இருக்கும்; கைக்கடிகார பாட்டரியிலேயே ஓடும். கணக்குப் போட்டது நான். அதற்குள் ஓடும் பாதைகளை வரைந்தது கரமனையிலிருந்து வரும் மீனாட்சி.

சிப் தயாராகி வந்த அன்று, ஒரே துடிப்பை இரண்டு கேபிள்களில் பிரித்து அனுப்பினேன். இடைவெளி பூஜ்யம் என்றுதான் காட்ட வேண்டும். காட்டவில்லை.

"உன் பாதை ஒண்ணு நீளமாயிடுச்சு. ஆறு மாச உழைப்பு போச்சு!" என்று எல்லோர் முன்னாலும் மீனாட்சியிடம் கத்தினேன்.

அவள் சிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கேபிளையும் மாத்திக் குத்திப் பாத்தேளா, சார்?"

மாற்றினேன். பிழையும் பக்கம் மாறியது. அப்படியென்றால் கோளாறு சிப்பில் இல்லை, கேபிளில்.

கழற்றி மேஜைமேல் அருகருகே வைத்தாள். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை கூடுதல் நீளம். கண்ணளவில் வெட்டியவன் நான்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மின்னலாய் ஓடும் துடிப்பு அந்த விரற்கடையைத் தாண்டும் நேரத்தை இந்தக் கடுகு பார்த்திருக்கிறது!

"நம்ம சிப் நன்னாத்தான் வேலை செய்யறது, கேட்டேளா?" என்று சிரித்தாள் மீனாட்சி.

'உன் பாதை' என்று நான் கத்திப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.