பன்னிரண்டு பாய்களுக்கு எண் ஒட்டியவள்

பிளேடை வாயில் கவ்விக்கொண்டேதான் பத்திரகாளி ஆட்களைத் திட்டுவாள். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பஞ்சர் கடையை ஒட்டியிருக்கிற ரேடியம் ஸ்டிக்கர் கடை அவளுடையது. வண்டி நம்பருக்கு மேலே சாதிப் பெயரையும் சேர்த்து ஒட்டச் சொல்லி வருகிறவனை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்பர்தான குடுத்தாவ? அத மட்டும் ஒட்டுதேன். மத்தத நெத்தியில ஒட்டிக்கோங்க" என்பாள்.

நாற்பது வயது. கரிசல் தூசி பறந்து பசையில் படிந்துவிடக் கூடாதென்று நாள் முழுக்க வாசலில் தண்ணீர் தெளிப்பாள். மூன்று, எட்டு போன்ற வளைவான எண்களை வெட்டும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒன்று, நாலு என்றால் அரட்டைக்குத் தடையில்லை. கணவர் பெயர் கடற்கரை, மினி பஸ் ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால், "இப்ப என்ன நம்பர் ஓடுது?" என்று கேட்டுவிட்டுத்தான் படி ஏறுவார்.

தொண்ணூற்றொன்பதில் ஐப்பசி மழை கொட்டி, ஊருக்கு வெளியே கண்மாய் நிரம்பிவிட்டது. தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் வியாபாரிகள் சங்கம் ஒன்று சின்னப் பாய்மரப் படகுகளை மிதக்கவிட்டுப் பந்தயம் அறிவித்தது. யார் வேண்டுமானாலும் படகு செய்து கொண்டுவரலாம். கை நீளப் படகு, அதைவிட உயரமாகப் பாய். எதிர்க்கரையில் நிற்கும் நடுவருக்குப் படகு அடையாளம் தெரிய வேண்டுமே, அதனால் பாயில் எண் ஒட்டப் பன்னிரண்டு பாய்களும் பத்திரகாளியிடம் வந்தன.

எல்லாம் வெள்ளைக் குடைத் துணி. தகரத்தில் ஒட்டுவதுபோல் அழுத்தித் தேய்த்தால் சுருங்கிவிடும். கண்ணாடிமேல் விரித்து, எண்ணின் ஓர் ஓரத்தைப் படியவைத்து, பின்தாளை உருவ உருவ உள்ளங்கையால் நீவ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒட்டினால் வெயிலில் ஒன்றின் நிழல் மற்றதில் விழுந்து குழப்பும். ஆகவே ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் சற்றுக் கீழே. இதெல்லாம் பழைய குடை ஒன்றைக் கிழித்து வீணாக்கிய பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது.

காலனியிலிருந்து நான்கு படகுகள். அதில் ஒன்றைச் செய்தவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் சுடலைராஜ். பாயைக் கொடுக்கும்போது, "எந்த நம்பர்னாலும் சரிதான் அக்கா. கொஞ்சம் பெருசா ஒட்டுங்க, எங்கம்மா கரையிலேருந்து பாக்கணும்" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சங்கச் செயலாளர் நந்தகோபால் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. சங்கத்துக்காரர்களின் படகுகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை போடச் சொன்னார். காலனிப் படகுகள் நான்குக்கும் முன்னால் 'சி' என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போட்டு, தனியாக எண் கொடுக்கச் சொன்னார்.

பத்திரகாளி பிளேடை வாயிலிருந்து எடுத்தாள். "அந்த எழுத்து எதுக்கு அண்ணாச்சி?"

"ஒரு அடையாளத்துக்குத்தான். யாரு படகுன்னு கரையில நிக்கவனுக்குத் தெரிய வேண்டாமா? நம்ம ஆளுன்னுதான உங்கிட்ட வாரேன்."

பலசரக்குக் கடையில் கால் கிலோ சீனி கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதட்டியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இந்த 'நம்ம ஆளு' அவள்மேல் எச்சில்போல் வந்து விழுந்தது.

சாப்பிட வந்த கணவரிடம் பொரிந்து தள்ளினாள். கடைக்கு வரும் வண்டிகளில் பாதி அந்தச் சங்கத்துக்காரர்களுடையது என்று அவர் நினைவுபடுத்தினார். தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாய்களை எல்லாம் கலைத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் உருவினாள். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. எழுத்தே கிடையாது.

பந்தயத்தன்று காலையில் கண்மாய்க் கரையில்தான் நந்தகோபால் அதைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. ஓர் எண்ணை நகத்தால் உரிக்கப் பார்த்தார். துணியும் சேர்ந்து கிழிய வந்தது. அது அவர் மைத்துனரின் பாய். கையை எடுத்துக்கொண்டார். "இனிமே நம்ம வண்டி ஒண்ணுகூட உன் கடை வாசல்ல நிக்காது" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

காற்று நல்ல காற்று. மைக்கில் எண்களை மட்டும் சொன்னார்கள். யாருடையது என்று தெரியாமலே ஜனம் கத்தியது. சிலர் ஐந்துக்கு, சிலர் பதினொன்றுக்கு, பெரும்பாலோர் ஒன்பதுக்கு. ஒன்பது முதலில் கரையைத் தொட்டதும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சுடலைராஜ் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கினார். கைதட்டல் அங்கங்கே அறுந்தது.

நனைந்த வேட்டியோடு அவர் மேடைக்கு முன்னால் வந்து நிற்க, நந்தகோபால் மைக்கைக் கையில் வாங்கினார். "ஒன்பதாம் நம்பர், சந்தோசம். தம்பி எந்தத் தெருன்னு எல்லாருக்கும் கேக்க மாதிரி சொல்லிட்டுக் கோப்பைய வாங்கிக்கோ."

சுடலைராஜின் வாய் திறந்தது. படகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பத்திரகாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். மைக் செட்டுப் பெட்டிக்கு அருகே குனிந்து, ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.