இருபத்தாறு படிக்கு மேல் ஒரு தொட்டில்

முன்சுவரைக் கதவுபோல் திறந்ததும் பாச்சை உருண்டையும் பழைய மரமும் கலந்த வாசம் முகத்தில் மோதும். மலாயாவில், பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் இருந்த பொம்மை வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். துரைசாணியின் கொள்ளுப்பாட்டிக்காக இங்கிலாந்தில் செய்ததாம். வசதியான குடும்பம் ஒன்று அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்ததோ அப்படியே, கரண்டி வரைக்கும்.

அம்மாவுக்குப் பங்களாவில் "ஆயா" வேலை. பொம்மை வீட்டைத் துடைப்பது சனிக்கிழமைகளில்தான். அன்று பள்ளி இல்லாததால் நானும் போவேன். அம்மா துடைக்க, நான் எண்ணுவேன். அறை எட்டு, குளிர்காயும் அடுப்பு ஏழு, ஆள் பதினொன்று, அதில் வேலைக்காரர் மட்டும் ஐந்து. பிள்ளைகள் அறைக்கு மட்டும் ஏன் அடுப்பு வைக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

"கண்ணால எண்ணுடா, தொடாத. ஒடஞ்சா என் வேல போயிரும்லா," என்பார் அம்மா.

ஆனால் ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை. கைக்குழந்தை மாடி உச்சியில் தொட்டிலில் கிடந்தது; அதைப் பெற்றவளோ கீழே பெரிய கட்டிலில். நடுவே இருபத்தாறு படி. தொழிலாளர் வரிசையில் எங்கள் "லயத்து" வீட்டில் ஏழு பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்போம், கடைசித் தம்பி அம்மாவின் கையணைப்பில். பாப்பா அழுதால் இவளுக்கு எப்படிக் கேட்கும்? யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, அம்மா அந்தப் பக்கம் திரும்பியபோது, விரல்நுனி அளவேயான பாப்பாவை எடுத்துத் தாயின் பக்கத்தில் போர்வைக்குள் படுக்கவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை துரைசாணி வெறும் தொட்டிலைக் காட்டி, தமக்குத் தெரிந்த மலாயில், குழந்தை எங்கே என்று அம்மாவைக் கேட்டார். "பாயி மானா?" அம்மா முந்தானையை உதறிக் காட்டினார், இடுப்புச் சுருக்குப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாப்பாவுக்குக் கால் மொளச்சி கோத்தா திங்கி பஸ் ஏறிருச்சாக்கா?" என்றார் வாசலில் நின்ற சமையல்கார அண்ணன்.

"ஒரு ஊசிகூட நான் எடுத்ததில்லம்மா," என்று அம்மா தமிழிலேயே சொன்னார். நான் போய்ப் போர்வையை விலக்கினேன். "இங்கதான் தூங்குது. அவங்க அம்மாகிட்ட."

தலையில் நறுக்கென்று அம்மாவின் குட்டு. "ஒன்ன யாருடா கேட்டா?"

துரைசாணி வெகுநேரம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பையன்களும் அப்போது இங்கிலாந்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு போர்வையை முன்போலவே இழுத்துவிட்டு, முன்சுவரைச் சாத்தினார். அம்மாவின் வேலை போகவில்லை. துரை குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்வரை முப்பத்தெட்டு சனிக்கிழமை பார்த்துவிட்டேன். பாப்பா தாயின் பக்கத்திலேயே இருந்தது.

இன்று அந்த ரப்பர் மரங்களும் இல்லை, பங்களாவும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்து அறையில் படுத்த ஏழு பேரில் மிஞ்சியவன் நான் மட்டும். தம்போய் ஊரில் மகன் வீட்டில் என் பத்து மாதப் பேரனுக்கு மாடியில் தனி அறை. "இப்பவே தனியா படுத்துப் பழகணும் மாமா. அதான் கேமரா இருக்கே," என்கிறாள் மருமகள். என் அறையிலிருந்து அவன் தொட்டிலுக்குப் பதினான்கு படி. முட்டி வலியோடு ஏறிப்போய்ப் பார்க்கிறேன். அன்றுபோல் யாரையும் கேட்காமல் தூக்கி இடம் மாற்றத்தான் இப்போது துணிவில்லை.